முறுக்குத் தட்டு போன வீடு

நடுவர் அவர்களுக்கும், பங்குத் தந்தைக்கும், இரண்டு அணி நண்பர்களுக்கும், இந்தப் பனியில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கிருஷ்ணகிரி மக்களுக்கும் கிறிஸ்து பிறப்பு விழா வணக்கம். வணக்கம் அவ்வளவுதான். எனக்குக் கொடுத்திருப்பது பத்து நிமிடம். அதற்குள் ஒரு தட்டைத் தெருக்கோடி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். ‘கிறிஸ்தவ வாழ்வில் ஓங்கி நிற்க வேண்டியது கண்டிப்பா, கனிவா?’ நான் கனிவின் பக்கம். சரி, தட்டுக்கு வருகிறேன்.

தருமபுரி மறைமாவட்டம் 1997-ல் பிறந்தது. அதற்கு முன் நாங்கள் எல்லாம் சேலம் மறைமாவட்டம். அந்தக் காலத்தில் எனக்கு ஒன்பது வயது. எங்கள் ஆயா கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் இருக்கும்போதே முறுக்குச் சுட உட்கார்ந்துவிடுவார். மூன்று கல் அடுப்பு, புளிய விறகு. அதிரச மாவு அதற்கும் முன்பே பாகு ஊற்றிப் பானையில் தயாராக இருக்கும். நடுராத்திரிப் பூசை முடிந்து, காலையில் வீட்டு வீட்டுக்குத் தட்டு போகும். எவர்சில்வர் தட்டில் ஐந்து முறுக்கு, மூன்று அதிரசம், இரண்டு வாழைப்பழம், மேலே ஒரு வெள்ளைத் துணி. தட்டின் விளிம்பில் ஆயா பெயரின் முதல் எழுத்தும் பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவையும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவது என் வேலை.

தெருக்கோடியில் ஓர் அக்கா இருந்தார். கட்டிய கணவனை விட்டு வந்தவர். பிறகு வேறொருவரோடு, கோவிலில் கல்யாணம் இல்லாமல், குடியிருந்தார். ஊர் அவரை அடிக்கவில்லை, வாய்விட்டுத் திட்டவும் இல்லை. குழாயடியில் அவர் குடத்தை வைத்தால் பக்கத்துக் குடம் ஒரு முழம் நகரும். கோவிலில் அவர் உட்கார்ந்த பாயில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். கிறிஸ்துமஸ் காலையில் அந்த வீட்டுக்கு மட்டும் தட்டு போகாது.

அந்த வருடம் ஆயா என்னைக் கூப்பிட்டார். “இந்தா, இதைக் கடைசி வீட்டுக்குக் குடுத்துட்டு வா.”

“எந்தக் கடைசி வீடு ஆயா?”

“தெரு எங்க முடியுதோ அந்த வீடு.”

எங்கள் வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் பதினொரு வாசல். முதல் வாசலில் கோலத்துக்கு நட்சத்திரம் போட்டுக்கொண்டிருந்த அத்தை, “யாருக்குடி தட்டு?” என்றார். “கடைசி வீட்டுக்கு.” “எங்க பெரியப்பா வீட்டுக்கா?” “இல்ல அத்தே, அதுக்கும் அப்பால.” கோலமாவு அவர் கையிலேயே நின்றுவிட்டது. நான்காவது வாசலில் ஒரு பெரியம்மா துணியைத் தூக்கிப் பார்த்தார். எண்ணினார். “அஞ்சு முறுக்கா? எங்க வீட்டுக்கு நாலுதானே வந்துச்சு!” பாருங்கள், அந்த அக்கா செய்த பாவம் அங்கே மறந்துபோய்விட்டது, ஒரு முறுக்கு கூடிப் போனதுதான் பெரிய வழக்காக நின்றது. எட்டாவது வாசலைத் தாண்டும்போது என்னை யாரும் கேட்கவே இல்லை. தட்டுக்கு முன்னால் சேதி போய்விட்டது.

அந்த வீட்டின் தட்டிக் கதவை அக்காவே திறந்தார். என்னைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று தெருவைப் பார்த்தார். அப்புறம் கேட்டார்:

“வீடு மாறி வந்துட்டியா கண்ணு?”

அம்மாக்களே, ஐயாக்களே, அந்தக் கேள்வியை இன்னொரு முறை சொல்கிறேன். கிறிஸ்து பிறந்த நாள் காலையில், ஞானஸ்நானம் வாங்கிய ஒரு பெண், தன் வீட்டு வாசலுக்கு வந்த பலகாரத்தைப் பார்த்துக் கேட்கிறார்: “வீடு மாறி வந்துட்டியா கண்ணு?” அவரை அந்தக் கேள்விக்குப் பழக்கியவர்கள் நாங்கள். பதினொரு வாசல்காரர்களும் பழக்கினோம்.

“இல்லக்கா, உங்களுக்குத்தான். ஆயா குடுத்தாங்க.” அவர் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: வந்த தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது. கொஞ்சம் சர்க்கரையாவது போட வேண்டும். நான் வாசலில் நிற்கிறேன். உள்ளே ஒரு டப்பா திறக்கிற சத்தம். மூடுகிற சத்தம். இன்னொரு டப்பா. அதுவும் மூடியாயிற்று. மூன்றாவது டப்பா. அப்புறம் பின்கட்டுக் கதவுச் சத்தம். அவர் வீட்டுக் கூரை மேல் அவரைக் கொடி ஏறியிருந்தது. பனி விழ விழ அவரை காய்க்கும், நம் சீமையில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. தட்டு திரும்பி வந்தது. தட்டு நிறைய அவரைக்காய், காயெல்லாம் பனித்துளி.

சாயங்காலம் உபதேசியார், கோவிலில் செபமும் ஞானோபதேசமும் சொல்லித் தருகிறவர், வீட்டுக்கு வந்துவிட்டார். நல்ல மனிதர். அவருக்கு ஊர் ஒழுங்காக இருக்க வேண்டும் என்ற கவலை. “என்ன பெரியம்மா, நன்மை வாங்கக் கூடாதவங்க வீட்டுக்குத் தட்டு அனுப்பியிருக்கீங்களே” என்றார். நன்மை என்றால் பூசையில் வாங்கும் நற்கருணை. ஆயா அவரைக்காய் நார் உரித்துக்கொண்டே சொன்னார்: “நன்மை வாங்கலாமா கூடாதாங்கறது சாமியார் பார்த்துக்குவார், உபதேசியாரே. முறுக்கு வாங்கக் கூடாதுன்னு எந்த மந்திரத்துல இருக்குது?”

சரி, இதற்கு எதிரணித் தலைவர் ஐயா என்ன சொல்வார் என்று யோசிக்க வேண்டிய வேலையே எனக்கு இல்லை. அவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். அரை மணி நேரத்துக்கு முன்னால் இதே ஒலிபெருக்கியில் சொன்னார். நீங்களும் கை தட்டினீர்கள். “இவங்க சொல்ற கனிவு, நம்ம ஊர் மாங்கூழ் மாதிரி. தோல் கிடையாது, கொட்டை கிடையாது. எந்த டப்பாவுல ஊத்தினாலும் அந்த டப்பா வடிவத்துக்கு வந்துடும். கொட்டையில்லாத கிறிஸ்தவம்!” என்றார்.

ஐயா, கிருஷ்ணகிரியில் நின்றுகொண்டு மாம்பழத்தைத் தொட்டுவிட்டீர்கள். விட முடியாது.

மாங்கூழ் தானாக வழிவதில்லை. தோட்டத்தில் பெங்களூரா மாங்காயைப் பறித்து, மண்டிக்கு வந்து, ஆலையில் கழுவி, பழுக்க வைத்து, தோல் போய், கொட்டை போய், சூட்டில் வெந்து, அப்புறம்தான் கூழ். அத்தனையையும் பொறுத்துக்கொண்ட பழம்தான் கடல் தாண்டிப் போய், நம் ஊர் பெயரே கேள்விப்படாத ஒருவருக்கும் இனிக்கிறது. இனிப்பைக் கேலி செய்யாதீர்கள்.

கொட்டைக்கு வருகிறேன். கொட்டை எங்கே என்று கேட்டீர்கள். சந்தூர்ப் பக்கம் ஒட்டு மாங்கன்று வளர்க்கிறவர்களிடம் போய்க் கேளுங்கள். முதலில் நாட்டுக் கொட்டையை முளைக்கப் போடுவார்கள். அது எந்த மரத்துக் கொட்டை, புளிப்பா இனிப்பா என்று விசாரணை கிடையாது. முளைத்த செடியின் தலையைச் சீவி, அதில் செந்தூராவோ மல்கோவாவோ ஒரு குச்சியைச் செருகி, நாடா சுற்றிக் கட்டுவார்கள். பத்து வருடம் கழித்து நாம் அண்ணாந்து பார்த்து “என்ன பழம்!” என்போம். அந்தப் பழத்தைத் தாங்கிக்கொண்டு மண்ணுக்குள் நிற்கிற வேர், பெயர் தெரியாத அந்த நாட்டுக் கொட்டையின் வேர்.

இதை நான் சொல்லவில்லை, பவுலடியார் உரோமையருக்கு எழுதிய கடிதத்தில், பதினோராம் அதிகாரத்தில் சொல்லிவிட்டார். அவர் ஊரில் மாமரம் இல்லை, அதனால் ஒலிவ மரத்தைச் சொன்னார். நீ ஒட்டவைக்கப்பட்ட காட்டு ஒலிவக் கிளை, மற்றக் கிளைகளைப் பார்த்துப் பெருமை பேசாதே, வேரை நீ தாங்கவில்லை, வேர்தான் உன்னைத் தாங்குகிறது. ஐயா, நீங்களும் ஒட்டுக்கன்று, நானும் ஒட்டுக்கன்று, தெருக்கோடி அக்காவும் ஒட்டுக்கன்று. இதில் எந்தக் குச்சி எந்தக் குச்சிக்குத் தீர்ப்பு எழுதுவது?

அப்புறம் சாட்டை. “ஆண்டவரே கோவிலில் சாட்டை எடுத்தார்” என்றீர்கள். எடுத்தார், மறுக்கவில்லை. யோவான் நற்செய்தியில் கயிற்றால் சாட்டை பின்னினார் என்றே இருக்கிறது. ஆடு மாட்டோடு எல்லாரையும் துரத்தினார், காசு மாற்றுகிறவர்களின் மேசையைக் கவிழ்த்தார். பரிசுத்தமான இடத்தைச் சந்தையாக்கினவர்கள் மேல் வந்த கோபம் அது. ஆனால் நீங்கள் மத்தேயுவில் அடுத்த வசனத்தைப் படிக்காமல் உட்கார்ந்துவிட்டீர்கள். மேசை கவிழ்ந்த அதே கோவிலில், பார்வையற்றவர்களும் கால் ஊனமுற்றவர்களும் அவரிடம் வந்தார்கள், அவர் குணமாக்கினார். கண் தெரியாதவர் அவரிடம் தடவித் தடவி வந்தார் என்றால், அந்தக் கோபம் யார் மேல் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணிடம் “இனிப் பாவம் செய்யாதே” என்று சொன்னாரே என்கிறீர்கள். சொன்னார். அதற்கு முன்னால் என்ன சொன்னார்? “நானும் தீர்ப்பளிக்கவில்லை.” அந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள். நாம் முதலில் புத்தி சொல்கிறோம், திருந்தி வந்தால் அன்பு தருகிறோம். அவர் முதலில் கல்லை எல்லாம் கீழே போட வைத்தார், அதுவும் பெரியவர்கள் தொடங்கிப் போனார்கள் என்று எழுதியிருக்கிறது. கண்டிக்க வேண்டிய இடம் வந்தால்கூட, மத்தேயு பதினெட்டில், நீயும் அவனும் தனியாக இருக்கும்போது சொல் என்கிறார். குழாயடியில் சொல் என்று சொல்லவில்லை.

நடுவர் அவர்களே, மணியில் கை வைத்துவிட்டீர்கள். தட்டு இன்னும் வீடு வந்து சேரவில்லை, கொஞ்சம் பொறுங்கள்.

அடுத்த வருடமும் தட்டு போனது. அதற்கு அடுத்த வருடமும் போனது. ஒருநாள் போனாலும், இருநாள் போனாலும், பலநாள் பலரோடு போனாலும், முதல்நாள் போன்ற விருப்பத்தோடு வரவேற்பான் என்று ஔவையார் நம் தகடூர், அதாவது இன்றைய தருமபுரி, மன்னன் அதியமானைப் பாடினார். புறநானூறு. என் ஆயாவுக்குக் கைநாட்டுதான், அந்தப் பாட்டு தெரியாது. அதே ஐந்து முறுக்கு, அதே மூன்று அதிரசம். அந்த அக்காவிடம் ஒரு நாளும் “எப்போ கோவில்ல கல்யாணம் பண்ணப் போறே?” என்று ஆயா கேட்டதில்லை. “கொடி இந்த வருஷம் நல்லாப் பூத்திருக்குதா?” என்று கேட்பார்.

மூன்றாவது வருடம் தட்டு திரும்பி வரவில்லை. “அப்புறமா நானே கொண்டாறேன்னு சொல்லு கண்ணு” என்றார் அக்கா. தை மாதக் கடைசியில் ஒரு விடிகாலை, ஆயா எழுந்திருக்கவில்லை.

வீடு நிறைய ஆட்கள். சிலுவை, மெழுகுவர்த்தி, செபமாலை. அந்த அக்கா வாசல் படிக்குக் கீழே, வேப்பமரத்தோரம் நின்றார். உள்ளே வரவில்லை. கையில் எங்கள் தட்டு. தட்டில் இரண்டு மெழுகுவர்த்தி, ஒரு பொட்டலம் சாம்பிராணி. அவரை முதலில் பார்த்தவர் உபதேசியார். செபத்தை நிறுத்தினார். நிறுத்திவிட்டு, “உள்ள வாம்மா. முன்னால வா” என்றார். கூட்டம் விலகியது. ஒரு முழம் விலகிய குடங்களைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு ஆட்கள் விலகியது வழி விடுவதற்கு.

அக்கா தட்டை ஆயாவின் காலடியில் வைத்தார். என்னைப் பார்த்துச் சொன்னார்: “ஆயாவுக்கு ஏதாவது நல்லதா வெச்சுக் குடுக்கணும்னு இருந்தேன் கண்ணு. கையில காசு சேரல. நாள் தள்ளிப் போச்சு.”

இதோ, அந்தத் தட்டு. விளிம்பைத் தடவிப் பாருங்கள், எழுத்தும் சிலுவையும் இன்னும் கைக்குத் தட்டுப்படும். நேற்று ராத்திரி நானே சுட்டேன். ஐந்து முறுக்கு, மூன்று அதிரசம்.

எதிரணித் தலைவர் ஐயா, இது உங்களுக்குத்தான். வீடு மாறி வரவில்லை. வாங்கிக்கொள்ளுங்கள். தட்டு மெதுவாக வந்தால் போதும்.