சிலேட்டு இல்லை, தட்டு இருந்தது

நடுவர் அவர்களே, இரு அணியினரே, மணி பத்தரை ஆகியும் எழுந்து போகாத பெரியோர்களே, வணக்கம்.

ஏழைப் பிள்ளையைப் படிக்க வைத்தது சட்டமன்றமா, வகுப்பறையா? நான் சட்டமன்றக் கட்சி. பாயிண்ட் எல்லாம் எழுதிக் கொண்டுவந்தேன். எதிரணித் தம்பி சொன்ன ஒரு வார்த்தையில் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். "ஆறாங்கிளாஸோடு நின்ற காமராஜருக்கு வகுப்பறையைப் பற்றி என்ன தெரியும்?" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். யார் யார் தட்டியது என்று பார்த்துவைத்திருக்கிறேன்.

தம்பி எம்.ஏ. வெண்பாவுக்கு அசை பிரிப்பார். பசித்த பிள்ளைக்கு என்ன பிரிப்பார்? காமராஜர் படித்த விருதுநகர் வித்யாசாலா, வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்துவைத்து ஊரார் நடத்திய பள்ளிக்கூடம். பிடி அரிசியில் படித்த பையன் முதல்வரானதும் அரிசியைப் பள்ளிக்கூடத்துக்கே திருப்பி அனுப்பினார். இது எந்தக் கிளாஸில் வருகிறது தம்பி?

1954 ஏப்ரலில் முதல்வரானபோது அவர் சட்டமன்ற உறுப்பினர்கூட இல்லை. அப்புறம்தான் குடியாத்தம் இடைத்தேர்தலில் ஜெயித்து வந்தார். அதற்கு முன்பே, மே மாதமே, பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்ற 1953 திட்டம் வாபஸ். அறிவித்தது யார்? காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் அவரை எதிர்த்து நின்று தோற்ற சி.சுப்பிரமணியம்! அவரைத்தான் கல்வி மந்திரியாக வைத்துக்கொண்டார். நாமெல்லாம் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனால் பந்தியிலேயே உட்கார மாட்டோம்.

1956-இல் மதிய உணவு வந்தது. சரி, எங்கள் அப்பா கதை. சாத்தூர் பக்கம் ஒரு கிராமம், 1958-இல் ஒன்றாம் வகுப்பு. "சிலேட்டு எங்கலே?" என்கிறார் வாத்தியார். அப்பா அலுமினியத் தட்டைத் தூக்கிக் காட்டுகிறார். மறுநாள், "சிலேட்டு?" மறுபடியும் தட்டு. மூன்றாம் நாள் அடித்திருப்பார் என்கிறீர்களா? அடித்தார்! அடித்துவிட்டு, தட்டைக் கவிழ்த்து, அடுப்புக்கரி ஒன்றைக் கையில் கொடுத்து, "இதுல எழுதுலே" என்றார். காலையில் பின்பக்கம் 'அ'. மத்தியானம் முன்பக்கம் சோறு. கழுவும்போது 'அ'வும் போய்விடும். அதனால் அப்பாவுக்கு வீட்டுப்பாடமே கிடையாது!

"கரி கொடுத்தது வாத்தியார்தானே?" என்று தம்பி முணுமுணுக்கிறார். நடுவர் அவர்களே, அதைக் குறித்துக்கொள்ள வேண்டாம்.

அப்பா போய் நாலு வருஷம். அந்தத் தட்டைப் பழைய சாமான்காரனுக்குப் போட அம்மா விடவில்லை. பின்பக்கம், மற்ற பிள்ளைகள் தட்டோடு மாறிவிடக் கூடாதென்று அவரே ஆணியால் கீறிய பெயர். 'ரா'வுக்குக் கால் விட்டுப்போயிருக்கிறது. அமாவாசைக்குக் காக்கைக்கு அதில்தான் சோறு வைக்கிறாள். வைத்துவிட்டு, "சாப்பிட வாங்க" என்கிறாள். காக்கையைத்தான் கூப்பிடுகிறாளா, எனக்குத் தெரியாது.

மணி அடித்துவிட்டீர்களா, நடுவர் அவர்களே? அப்பா இருந்திருந்தால் இந்தச் சத்தத்துக்குத் தட்டைத் தேடியிருப்பார்.