பத்தொன்பதாவது மாடியில் ஒரு கோலம்

நடுவர் அவர்களுக்கும், எதிரணிக்கும், பனியில் உட்கார்ந்திருக்கும் காரைக்குடி மக்களுக்கும் வணக்கம்.

விடுமுறைக்குப் போய் மனத்தைப் பறிகொடுத்த வெளிநாட்டிலேயே குடியேறுவது விவேகமா, வேண்டாத வேலையா? இதுதான் தலைப்பு. வேண்டாத வேலை என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தங்கை பினாங்கை எடுத்துக்கொண்டு பொளந்துகட்டினார். தெருவில் தமிழ், கடையில் இட்லி, மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள், குடியேற என்ன தடை என்று கேட்டார். அப்புறம் எங்களைப் பார்த்து, "இந்த அணியில் இருப்பவர்கள் எல்லாம் வாழைமரங்கள். நட்ட இடத்திலேயே நின்று, காய்த்து, சாய்ந்துவிடுவார்கள்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள்.

தங்கச்சி, வாழை நட்ட இடத்திலேயே நிற்கும் என்று உங்களுக்கு யார் சொன்னது? தோப்பில் எந்த வாழையும் விதை போட்டு முளைத்ததில்லை. ஒரு தாய்மரத்தின் பக்கத்தில் கன்றாக வந்து, கடப்பாரையால் பெயர்க்கப்பட்டு, வேறு மண்ணில் ஊன்றப்பட்டவைதான் பெரும்பாலானவை. ஊர் மாறியே பிழைக்கிற பயிர் அது. ஆனால் எந்தப் பருவத்தில் பெயர்க்கிறோம்? இலை ஈட்டி மாதிரி நிற்கும் இளங்கன்றாக இருக்கும்போது. குலை தள்ளிய மரத்தை யாராவது பெயர்த்து நடுவார்களா? அதற்கு முட்டுதான் கொடுப்பார்கள். சவுக்குக் கம்பை ஊன்றி, காற்றில் சாயாமல் பார்த்துக்கொள்வார்கள்.

படிக்கப் போகிற பிள்ளை, வேலைக்குப் போகிற பிள்ளை எல்லாம் ஈட்டிக் கன்றுகள். தாராளமாகப் போகட்டும், வாழ்த்துகிறேன். நான் கவலைப்படுவது குலை தள்ளிய மரங்களைப் பற்றி. அறுபது வயதில், ஐந்து நாள் பார்த்த ஊரை நம்பி, முட்டுக் கம்புகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கிளம்புகிறவர்களைப் பற்றி.

என் சித்தப்பா கதையைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஒரு தைப்பூசத்துக்குச் சித்தியோடு பினாங்கு போனார். வெள்ளி ரதம் பார்த்தார், ரதத்துக்கு முன்னால் மலைமலையாகத் தேங்காய் உடைவதைப் பார்த்தார். 1923 முதல் ஓடுகிற ரயிலில் பினாங்கு மலைக்கு ஏறினார். ஜார்ஜ் டவுனில் இட்லிக்கடைப் பெரியவர், "சாப்பாடு எப்படி லா?" என்று தமிழும் மலாயும் கலந்து கேட்டதில் அப்படியே கரைந்துவிட்டார். ஐந்தாம் நாள் கர்னி டிரைவ் கடற்கரையில் நின்று, "நாம இங்கேயே வந்துடலாம்" என்றார். சித்தி பதில் சொல்லவில்லை.

வீடு திரும்பியதும் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினார். யார் வீட்டுக்கு வந்தாலும் காப்பிக்கு முன்னால் அந்த நோட்டு வரும். மலேசியா எனது இரண்டாம் இல்லம் என்று அந்த நாட்டு அரசின் திட்டம் ஒன்று இருக்கிறது. 2024இல் மாற்றிய விதிப்படி அதன் வெள்ளிப் பிரிவுக்கே 1,50,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை, அதாவது ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு மேல். அதோடு குறைந்தது 6 லட்சம் ரிங்கிட்டுக்கு வீடு வாங்க வேண்டும், அதுவும் கோடியைத் தாண்டும். இவ்வளவுக்கும் கிடைப்பது 5 ஆண்டு விசா. ஊர் நிலத்தை விற்றால் சமாளிக்கலாம் என்று நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.

சித்தி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "முதல்ல ஒரு மாசம் இருந்து பார்ப்போமா?"

2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் மலேசியாவில் தங்கலாம். அதை வைத்து அக்டோபரில் கிளம்பினார்கள். 28 நாள். பத்தொன்பதாவது மாடியில் கடல் தெரிகிற வாடகை வீடு. முதல் வாரம் சொர்க்கம். எட்டாம் நாளிலிருந்து மழை. சித்தப்பா பால்கனியில் நின்று அதே கடலைப் பார்த்தார். சித்தி தினமும் காலையில் எதிர்வீட்டு ஆச்சிக்குப் போன் போட்டு, "மாடத்துத் துளசிக்குத் தண்ணி ஊத்தினீங்களா?" என்று கேட்டார்.

இனிமேல்தான் கேட்க வேண்டும். நாற்பது வருஷமாக விடியும்போது வாசல் தெளித்துக் கோலம் போட்ட கை சித்தியின் கை. அங்கே வாசல் ஏது? கதவைத் திறந்தால் நீளமான நடைபாதை, ஓடு பதித்த தரை. தண்ணீர் தெளித்தால் வழுக்கும். பதினோராம் நாள் தாங்கவில்லை. அரிசி மாவு எடுத்து ஐந்து புள்ளி வைத்து ஒரு சின்னக் கோலம் போட்டுவிட்டார். ஏழு மணிக்குப் போட்டார். எட்டு மணிக்குக் கதவைத் திறந்தால் தரை பளிச்சென்று இருக்கிறது. துடைக்க வந்த பெண் மாவு கொட்டிக் கிடக்கிறது என்று நினைத்துச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை, அவர் வேலையைச் செய்தார். மறுநாளும் சித்தி போட்டார், மறுநாளும் துடைத்தார்கள். மூன்றாம் நாள் சித்தி மாவு டப்பாவை மூடி வைத்துவிட்டார். மறுபடியும் சொல்கிறேன், யாரும் திட்டவில்லை, யாரும் தடுக்கவில்லை. அது கோலம் என்று அந்த மாடியில் யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பதினேழாம் நாள், தண்ணீர்மலை முருகன் கோயில் படியில் சித்தப்பாவுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. ஆஸ்பத்திரியில் அன்பாகத்தான் பார்த்தார்கள். பணம் கையிலிருந்து போனது, ஊரில் கட்டிய காப்பீடு அங்கே செல்லாது. அதைக்கூட விடுங்கள். ஒரு படிவம் கொடுத்தார்கள். அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர் பெயர், தொலைபேசி எண். ஆயிரம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன மனிதர் பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஆச்சி நம்பரை எழுதினார். "உள்ளூர் நம்பர் வேணும் அங்கிள்" என்றது அங்கே இருந்த தமிழ்ப் பெண். இவர் தலை குனிவதைப் பார்த்துவிட்டு, "சரி, என் நம்பரையே போட்டுக்கிறேன்" என்று எழுதிக்கொண்டது. அந்தப் பிள்ளை நல்லா இருக்கணும்.

எதிரணித் தலைவர், இந்த மண்ணிலிருந்து பினாங்குக்கும் பர்மாவுக்கும் போகாதவர்களா என்று கேட்டார். போனார்கள் ஐயா. நகரத்தார் கொண்டுவிற்கப் போனார்கள், அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனார்கள். மூன்று வருஷக் கணக்கு முடித்து ஊருக்குத் திரும்பினார்கள். பினாங்கில் கோயில் கட்டினார்கள், விடுதி கட்டினார்கள். சொந்த வீட்டை எங்கே கட்டினார்கள்? பர்மாத் தேக்கைக் கப்பலில் ஏற்றி இந்தச் செம்மண்ணுக்குக் கொண்டுவந்து தூண் நிறுத்தினார்கள்.

தோட்டத்து வேலைக்குப் போய் அங்கேயே வேர் பிடித்த சனமும் உண்டு. அவர்கள் பட்ட பாடு வேறு. இட்லிக்கடைப் பெரியவர் சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அவருடைய அப்பா நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறியவர். தாயார் இறந்த செய்தி கடிதமாகப் போய்ச் சேர்ந்தபோது இங்கே காரியமே முடிந்துவிட்டது. "எங்க அப்பாவுக்கு வேற வழி இல்லீங்க. உங்களுக்கு என்ன?" என்று கேட்டாராம்.

28 நாள் முடிந்து, திருச்சியில் இறங்கி, விடிகிற நேரத்தில் கார் எங்கள் தெருவில் திரும்பியது. பூட்டிய வீடு. திண்ணையில் தூசி. ஆனால் வாசலில் தண்ணீர் தெளித்து, ஈரம் காயாமல் ஒரு கோலம். எதிர்வீட்டு ஆச்சி 28 நாளும் போட்டிருக்கிறார். அவருக்கு வயது எழுபத்து மூன்று, முழங்கால் வலி. "ஏன் ஆச்சி இப்படிச் சிரமப்பட்டீங்க?" என்று சித்தி கேட்டதற்கு, "நீ இல்லாத வாசல் வெறிச்சுன்னு இருந்துச்சு, எனக்கு விடிஞ்ச மாதிரியே இல்லை" என்றார்.

சித்தப்பா கொஞ்ச நேரம் காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். சித்தி பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு, அந்தக் கோலத்தை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றி வீட்டுக்குள் போனார்.

இதோ, மூன்றாவது வரிசையில் அந்தச் சித்தி உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருப்பது ஆச்சி. வணக்கம்.