மாட்டுக்குப் புரோபயாடிக்: பாக்கெட்ல இருக்குறது உயிரோட இருக்கா?

வணக்கம்ங்க. இது மாட்டுக்குக் கொடுக்குற புரோபயாடிக், அதாவது செரிமானத்துக்கு உதவுற உயிருள்ள நுண்ணுயிர். இந்தப் பாக்கெட்டோட பின்பக்கத்தைப் பாருங்க. சாக்கரோமைசஸ் செரிவிசியே (ஈஸ்ட்டோட பேரு), ஒரு கிராமுக்கு 10⁹ சி.எஃப்.யூ.ன்னு போட்டிருக்கு. அதாவது கிராமுக்கு 100 கோடி உயிர் செல். கறவை மாட்டுக்கு நாளைக்கு 1,000 கோடியாவது போகணும், அப்ப 10 கிராம். எண்ணிக்கையே இல்லாம வெறும் ஈஸ்ட் கல்ச்சர்னு போட்டிருந்தா அது வேற சரக்கு, அதுல உயிர் செல்லை எதிர்பார்க்காதீங்க.

ஈஸ்ட் பாக்டீரியா இல்ல, பூஞ்சை. ஆனா அது உழைக்கிறது பாக்டீரியாவுக்காகத்தான். தீவனத்தோட சேர்ந்து மாட்டோட பெருவயித்துக்குள்ள (தீவனம் முதல்ல ஊறி நொதிக்கிற பெரிய அறை) கொஞ்சம் ஆக்சிஜனும் போயிரும். வைக்கோல், சோளத்தட்டை நாரைச் செரிக்கிற பாக்டீரியாவுக்கு அது ஆகவே ஆகாது. ஈஸ்ட் அந்த ஆக்சிஜனை இழுத்துக்குது.

மக்காச்சோள மாவை அள்ளிப் போட்டா ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ்ங்கிற பாக்டீரியா பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். அந்த அமிலத்தைத் தின்னு தீர்க்குறது மெகாஸ்ஃபேரா எல்ஸ்டெனிங்கிற இன்னொரு பாக்டீரியா. ஈஸ்ட் முதல் ஆளோட சர்க்கரைக்குப் போட்டி போடுது, ரெண்டாவது ஆளுக்கு ஊட்டம் கொடுக்குது. பெருவயித்தோட பிஹெச் (இது குறைய குறைய அமிலம் கூடுதுன்னு அர்த்தம்) 5.5-க்குக் கீழ இறங்கி மணிக்கணக்கா நிக்காம இருக்கணும், அதுக்குத்தான் இவ்வளவும். மெகாஸ்ஃபேராவையே நேரா கொடுக்கலாமேன்னா, அதுக்குக் காத்து பட்டாலே ஆகாது. பொடியாக்கித் தீவனத்துல கலந்து வைக்கிறது லேசுப்பட்ட வேலை இல்ல.

கலக்குற இடத்துலதான் காசு வீணாகுது. சூடா இருக்குற கஞ்சியில போட்டா ஈஸ்ட் செத்துரும். நல்லா ஆறட்டும். 10 கிராமை முதல்ல ரெண்டு கை தவிட்டுல பெரட்டி, அப்புறம் அடர்தீவனத்துல கலங்க. தாது உப்புக் கலவையோட சேர்த்து மாசக்கணக்குல மூட்டை கட்டி வைக்காதீங்க, ஈரமும் உப்பும் சேர்ந்து உயிரைக் குறைச்சிரும். பேசில்லஸ்ங்கிற பாக்டீரியா வகை மட்டும் விதை மாதிரி கெட்டி ஓட்டுக்குள்ள இருக்குறதால சூட்டைத் தாங்கும், ஆனா ஆன்டிபயாடிக் போடுற நாள்ல அந்த பாக்டீரியாவும் அடிபடலாம். ஈஸ்டுக்கு அந்தப் பயம் இல்ல.

ஈஸ்ட் உள்ள குடியிருக்காது, சாணத்தோட வெளிய போயிரும். அதனால தினமும் கொடுக்கணும். ரெண்டு மூணு வாரம் கழிச்சுச் சாணத்தைக் கிளறிப் பாருங்க: சோளக் குருணை குறைஞ்சிருக்கா, நுரை வர்றது நின்னிருச்சா? படுத்திருக்குற பத்து மாட்டுல அஞ்சு ஆறாவது அசை போடணும்.

பந்தியில மிஞ்சின சோத்தை வயிறு முட்டத் தின்னுட்டு மாடு படுத்துட்டா இந்தப் பாக்கெட்டைத் தேடாதீங்க, உடனே டாக்டரைக் கூப்பிடுங்க. அமிலத்தைச் சரிபண்ணினதுக்கு அப்புறம், நல்ல மாட்டோட பெருவயித்துத் தண்ணியைச் சூடு ஆறுறதுக்குள்ள, காத்து அதிகம் படாம குழாய் வழியா விடுவாங்க. எந்தப் பாக்கெட்லயும் அடைக்க முடியாத மொத்த நுண்ணுயிர்க் கூட்டமும் அந்தத் தண்ணியில இருக்கு.