தாத்தாவின் வேட்டியும் பொருநை ஆறும்

(தாமிரபரணிப் பாசனத்தில், கன்னடியன் கால்வாய்க் கரையிலுள்ள எங்கள் ஊரில், தாத்தாவின் முதலாம் ஆண்டு நினைவுக் கூட்டத்தில் பேசியது.)

தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் பாசன சங்கத் தலைவர் ஐயா அவர்களே, எனக்கு எழுத்தறிவித்த தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் ஆச்சிமார்களே, அத்தைமார்களே, எல்லோருக்கும் வணக்கம். தலைமையாசிரியர் ஐயா மூட்டுவலியோடு வீரவநல்லூரிலிருந்து ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார். மைக்செட் அண்ணன், "தாத்தாவுக்குத்தானே, காசு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். இந்த இரண்டு பேருக்கும் தனியாக ஒரு வணக்கம் வைக்காமல் நான் பேச்சைத் தொடங்க முடியாது.

மூன்று விஷயங்களைக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். தாத்தா குடும்பத்தை எப்படி வைத்திருந்தார், காட்டை எப்படிப் படித்தார், ஆற்றை எப்படிப் பார்த்தார். மூன்றையும் அவர் ஒரே பழமொழிக்குள் அடக்கிவிடுவார்: "தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே."

குடும்பத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு கோட்டை நெல் விதைக்கிற அளவு நிலம். கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளைவித்து, நான்கு பிள்ளைகளைக் கரையேற்றினார். பேரப்பிள்ளைகள் யார் வந்தாலும் முதலில் வயலுக்குக் கூட்டிப்போவார். சாப்பாடெல்லாம் அப்புறம்தான்.

ஆடி அமாவாசை வந்தால் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்குக் குடும்பம் மொத்தமும் போக வேண்டும். குடில் போட்டு மூன்று நாள் தங்குவோம். ஒரு வருஷம் நாங்கள் பதினேழு பேர். எனக்கு எட்டு வயது. அரிசி மூட்டை, அண்டா, பாய், கைக்குழந்தைக்குத் தூளி கட்ட ஒரு பழைய சேலை, எல்லாம் சுமந்துகொண்டு போனோம். ஆற்றோரம் ஒரு நீர்மருது மரத்தடியில் இடம் பிடித்தோம். கோயிலிலுள்ள பட்டவராயன் சாமிக்குச் செருப்புக் காணிக்கை செலுத்திவிட்டு வந்தோம். மணிவிழுங்கி மரத்தைக் காட்டி, "கட்டின மணியெல்லாம் மரத்துக்குள்ள போயிட்டு பாருலே" என்று தாத்தா சொன்னார். நான் மரப்பட்டையில் காதை வைத்துக் கேட்டேன்.

அன்று ராத்திரி எங்கள் தலைக்கு மேல் மழையில்லை. மேற்கே மலையில் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. எல்லோரும் சாப்பிட்டுப் படுத்தாயிற்று. தாத்தா மட்டும் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவிட்டு, பக்கத்தில் அரிக்கேன் விளக்கோடு உட்கார்ந்துவிட்டார். நான் தூக்கம் வராமல் போய் அவர் மடியில் சாய்ந்தேன். "எதுக்கு தாத்தா குச்சி?" என்றேன். "பேசாம குச்சியையே பாரு" என்றார்.

வெகுநேரம் ஒன்றுமில்லை. அப்புறம் காய்ந்த சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கின. தாத்தா ஒரு கை தண்ணீரை அள்ளி மோந்து பார்த்தார். என்னையும் மோந்து பார்க்கச் சொன்னார். மண்வாசனை. குச்சியைப் பார்த்தால், தண்ணீர் ஒரு விரற்கடை ஏறியிருக்கிறது! தாத்தா சத்தம் போடவில்லை. ஒவ்வொருவராகத் தோளைத் தட்டி எழுப்பி மேட்டுக்கு ஏற்றினார். ஆச்சி அண்டாவை எடுக்கத் திரும்பியபோது, "அண்டா போனா போகுது, நீ ஏறு" என்றார். மேட்டில் வைத்து ஒவ்வொருவர் தலையையும் தொட்டுத் தொட்டு எண்ணினார். பதினேழு வந்த பிறகுதான் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் நாங்கள் படுத்திருந்த இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. பக்கத்துக் குடில்காரர்களையும் அவர்தான் ஏற்றிவிட்டார். அவர்களில் ஒருவர், பாளையங்கோட்டையிலிருந்து இன்றைக்கும் இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார். அவருக்கு என் நன்றி.

விடிந்ததும் தண்ணீர் வடிந்தது. சித்தப்பா ஆத்திரத்தில் ஆற்றைத் திட்டினார். தாத்தா அவரைத் திரும்பிப் பார்த்து, "தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே" என்றார். அது நம்மிடம் சொல்லிவிட்டுத்தானே வந்தது, சருகு அனுப்பியதே என்றார்.

காட்டைப் பற்றிச் சொல்ல நேரம் போதாது. ஆற்றுக்கு வருகிறேன். எனக்கு மனசு முழுக்க அதுதான் இருக்கிறது.

பொருநை என்கிற தாமிரபரணி, பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேர்கிற நம் ஆறு. கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டு. நம் வயலுக்கும் அதுதான், தூத்துக்குடிக்காரர் குடிப்பதற்கும் அதுதான். அந்த ஆற்றில், பாபநாசத்தில் பாவம் தீரக் குளிக்க வருகிறவர்கள், கட்டிய துணியை அப்படியே ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறார்கள். பருத்தியாவது கொஞ்ச நாளில் மக்கும். இன்றைக்குச் சேலையும் வேட்டியும் பெரும்பாலும் பாலியஸ்டர். அது மக்காது. பாறை இடுக்கில் சுற்றிக்கொள்கிறது, மணலில் பாதி புதைந்து கிடக்கிறது, குளிக்கிறவர் காலைப் பின்னுகிறது. போன மாதம் நானே ஒரு சேலையை இழுத்தேன். ஒரு முனை என் கையில், மறுமுனை எங்கேயென்று தெரியவில்லை. மூன்று பேர் சேர்ந்து இழுத்த பிறகு ஏழெட்டுத் துணிகள் ஒரே முடிச்சாக, சகதி நாற்றத்தோடு வந்தன. உள்ளே சின்ன மீன்கள் செத்துக் கிடந்தன.

துணியை ஆற்றில் விட்டால்தான் பாவம் தீரும் என்று எந்தப் பெரியவரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. பாவத்தைக் கழுவுகிற தண்ணீர் என்று நம்புகிறோமே, அதன் கழுத்தில் துணியைச் சுற்றலாமா? ஆற்றைத் திட்டுவதே பழி என்றால் இதற்கு என்ன பெயர்? தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்கிறவர்கள் அல்லவா நாம்!

போன வருஷம் தாத்தாவின் காரியத்துக்காகப் பாபநாசம் படித்துறைக்குப் போனோம். முடிந்ததும் பக்கத்தில் நின்ற ஒருவர், "அவர் வேட்டியை ஆத்தோட விட்டுருங்க" என்றார். அப்பா கையில் வேட்டியோடு தயங்கி நின்றார். ஆச்சி அழுதுகொண்டிருந்தவள், கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். "அவுக அதுக்குச் சம்மதிக்க மாட்டாக" என்றாள். வீட்டுக்குக் கொண்டுவந்து, சோப்புப் போட்டுத் துவைத்து, கொடியில் காயப்போட்டாள். நான்கு மாதம் கழித்துத் தங்கைக்குப் பெண் பிறந்தது. அந்த வேட்டியில்தான் தூளி கட்டினோம். இதோ, நான் பேசுகிற இந்த நேரத்திலும் பிள்ளை அதில்தான் தூங்குகிறது.

ஊராட்சித் தலைவர் அம்மாவிடம் ஒரே கோரிக்கை. நம் ஊர்ப் படித்துறையில் பழைய துணி போட ஒரு பெரிய தொட்டி வைத்துத் தர வேண்டும். பாசன சங்கத் தலைவர் ஐயா, மடைக்குப் பக்கத்தில் சிக்கியிருக்கும் துணிகளை எடுக்க இரண்டு துரட்டி தந்து உதவ வேண்டும். வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு நாங்கள் ஆற்றில் இறங்குகிறோம். கரண்டைக்கால் அளவு தண்ணீர்தான், பயம் வேண்டாம். சாக்குப்பையை நான் கொண்டுவருகிறேன். காலைச் சாப்பாடு எங்கள் வீட்டில். ஆச்சி இட்லிக்கு மாவு ஆட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். எத்தனை பேர் வருவீர்கள் என்று கூட்டம் முடிந்ததும் அவளிடம் சொல்லிவிட்டுப் போங்கள். வணக்கம்.