பழைய டிராக்டருக்குப் புகைக்குழாய் எத்தனை அடி?

விவசாயப் பெருமக்களுக்கு வணக்கம்.

மாஸ்ஸி 1035 போன்ற பழைய மூன்று சிலிண்டர் டிராக்டருக்கு மேல்நோக்கிய புகைக்குழாய் மாட்டும்போது பலரும் கேட்பது, "நீளம் கூடினால் இழுவை கூடுமா?" என்பதுதான். கூடாது. மூன்று சிலிண்டர் புகையும் ஒரே மேனிஃபோல்டில் (புகையைச் சேர்த்து வெளியே விடும் வார்ப்பிரும்புக் குழாய்) கலந்து வெளியேறுகிற மெதுவான எஞ்சின் இது. இழுவையைக் கெடுப்பது குறுகலான குழாய். 50 மில்லிமீட்டர் உள்விட்டம் வேண்டிய இடத்தில் 45 போட்டால் குழாயின் தடை ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். நீளத்தால் அவ்வளவு தடை வர, 3 அடிக் குழாய் 5 அடியாக வேண்டும். ஆகவே பழைய சைலன்சர் வாயின் உள்விட்டத்துக்குக் குறையாமல் வாங்குங்கள்.

சைலன்சரைக் கழற்றிவிட்டு வெறும் குழாய் மாட்டாதீர்கள். ஓட்டுபவரின் காது போகும், வைக்கோல் போரில் பொறி விழும். 1989 மோட்டார் வாகன விதிகளும் சைலன்சர் இருக்க வேண்டும் என்கின்றன. சைலன்சருக்கு மேலேதான் குழாய்.

நீளத்தைச் சொல்வது ஓட்டுபவரின் தலை உயரம். சமதரையில் வண்டியை நிறுத்தி, அவரை நிமிர்ந்து உட்காரவைத்து, தரையிலிருந்து உச்சந்தலை வரை அளந்து ஒரு அடி கூட்டுங்கள். அதில் சைலன்சர் வாயின் உயரத்தைக் கழியுங்கள். தலை 7 அடி, வாய் 6 அடி என்றால் 2 அடி. சொருக 2 அங்குலம் சேர்த்து 26 அங்குலம். கொட்டகை வாசல் அதற்கு இடம் கொடுக்கிறதா என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள். தென்னை, மாந்தோப்புக்குள் உழுகிறவர்கள் கிளை தட்டாத அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம்; ஆனால் நுனி ஏர் கிளீனர் வாய்க்கு மேலேயே இருக்கட்டும். இல்லையென்றால் கரி உள்ளே போகும்.

கையில் இருக்கிறதே என்று தண்ணீர்க் குழாயை மாட்டுவது பெரிய தவறு. துத்தநாகம் பூசிய இரண்டு அங்குல ஜி.ஐ. குழாய் மீட்டருக்கு 5 கிலோ. 16 கேஜ் தடிமனுள்ள இரும்புக் குழாய் 2 கிலோதான். அந்தக் கனம் ஆடி ஆடி மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் ஸ்டட் போல்ட்டை முறிக்கும், வார்ப்பில் விரிசல் விடும். வெல்டிங் வைத்தால் துத்தநாகப் புகை வேறு. 2 அடிக்கு மேல் போனால் ஒரு தாங்கல் பட்டை கொடுங்கள். அதை பானெட்டில் அல்ல, எஞ்சின் போல்ட்டில் பிடியுங்கள். பானெட் தகடு தனியாக அதிரும்.

நுனிக்கு மழைமூடி அவசியம். தண்ணீர் இறங்கி, திறந்திருக்கும் வால்வு வழியே சிலிண்டருக்குள் நின்றால், ஸ்டார்ட் செய்யும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

மாட்டியபின் ஒரு மணி நேரம் ஓட்டி, ஆறவிட்டு, நட்டுகளை மறுபடி முறுக்குங்கள். இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் கேஸ்கெட்டை மாற்றுங்கள்.