தலைச்சன் என்றால் பொறுப்பே!

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். ‘தலைச்சன்’ என்ற சொல் உணர்த்துவது உரிமையையா, பொறுப்பையா? பொறுப்பையே என்று பேச வந்திருக்கிறேன்.

தலைமை, தலைவன் எல்லாம் ‘தலை’யில் பிறந்தவை, அதனால் தலைச்சன் என்றாலே அதிகாரம்தான் என்றார் எதிரணி நண்பர். சரி, தலைப்பிரசவம், தலைதீபாவளி என்கிறோமே, அங்கே அதிகாரம் எங்கிருந்து வந்தது? முதல் என்பதுதான் பொருள். பசு முதலில் ஈன்றதையும் தலைச்சன் கன்று என்றுதானே சொல்கிறோம்!

மூத்தவருக்குச் சொத்தில் முன்னுரிமை உண்டு என்றும் சொன்னார். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். மூத்த பிள்ளை என்பதற்காக ஒரு பிடி மண்கூடக் கூடுதலாகக் கிடையாது.

‘ன்’ விகுதி இருப்பதால் இது ஆண்பிள்ளைக்கு உரிய சொல்லாம். ‘எனக்குத் தலைச்சன் பொண்ணு’ என்று தாய்மார்கள் சொல்வதை அவர் கேட்டதே இல்லையா? எங்கள் வீட்டுத் தலைச்சன் என் அக்கா. விடிவதற்குள் அம்மா வேலைக்குக் கிளம்பிவிடுவார். அக்காதான் எனக்குத் தலை வாரி, இரட்டைப் பின்னல் போட்டு, ரிப்பனை மடித்துக் கட்டுவாள். அப்புறம் நேரமாகிவிட்டது என்று தன் தலையை அள்ளி முடிந்துகொண்டு பள்ளிக்கு ஓடுவாள்.

அப்பா இறந்தபோது அவள் பத்தாம் வகுப்பு. துக்கத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக அவள் தலையில் கை வைத்து, ‘நீதாம்மா தலைச்சன், தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கோ’ என்றார்கள். ‘நீ தலைச்சன், இது உனக்கு’ என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை நடுவர் அவர்களே! அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். எந்த அகராதியும் எனக்கு அதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை.

பேருந்தில் முன்பின் தெரியாதவரிடம், ‘அண்ணே, இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க’ என்கிறோம். உதவி வேண்டும்போது தானாக வாயில் வருவது மூத்தவரைக் கூப்பிடும் சொல்தான்.

எனக்குக் காய்ச்சல் என்றாலும் கடன் என்றாலும் முதலில் ‘அக்கா’ என்றுதான் போன் போடுவேன். தம்பியும் அப்படித்தான். அவளுக்கு ஒன்று என்றால் அக்கா என்றோ அண்ணா என்றோ கூப்பிட எங்கள் வீட்டில் ஆள் இல்லை. இதை மனத்தில் வைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.