நாசர் ஏரி: இடம் மாறிய கோயில்கள், இடம்பெயர்ந்த மக்கள்

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

நண்பர்களுக்கு வணக்கம்.

எகிப்துக்குப் போய் வந்தவர்களிடம் கேட்டால் பிரமிடு, கெய்ரோ அருங்காட்சியகம், அப்புறம் லக்சரிலிருந்து அஸ்வான் வரை போகும் நைல் கப்பல் என்று சொல்வார்கள். பயண நிறுவனங்கள் விற்பதும் பெரும்பாலும் இதைத்தான். நான் இன்று பேச வந்திருப்பது அஸ்வானோடு முடிந்துவிடாத பயணத்தைப் பற்றி. அஸ்வான் உயர் அணைக்குத் தெற்கே, சூடான் எல்லையையும் தாண்டி ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு ஏரி கிடக்கிறது. எகிப்தில் அதன் பெயர் நாசர் ஏரி. சூடானுக்குள் இருக்கும் பகுதியை நூபியா ஏரி என்கிறார்கள்.

இந்த ஏரியிலும் சொகுசுக் கப்பல்கள் ஓடுகின்றன. நைலில் ஓடும் கப்பல் எதுவும் இங்கே வர முடியாது, ஏனென்றால் அணையில் கப்பல் ஏறி இறங்குவதற்கான மதகு கிடையாது. ஏரிக்கென்றே தனியாகக் கட்டிய கப்பல்கள் இவை. முதல் கப்பல் 1990களின் தொடக்கத்தில்தான் வந்தது. இன்றும் விரல்விட்டு எண்ணக்கூடிய கப்பல்களே உண்டு. லக்சர் பக்கம் படித்துறையில் கப்பல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும்; ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கப்பலின் அறை தெரியும். இங்கே அந்த நெரிசல் இல்லை. மேல்தளத்தில் நீச்சல் குளம், நாற்காலி, கையில் தேநீர். இரண்டு பக்கமும் மஞ்சள் பாலைவனம், நடுவே நீலத் தண்ணீர். மணிக்கணக்காக ஒரு வீடு கண்ணில் படாது, ஒரு மனிதர் தெரியமாட்டார்.

அந்த ஆளில்லாத கரையைத்தான் பயணக் கையேடுகள் ‘அமைதி’ என்று புகழ்கின்றன. அங்கே ஏன் ஆளில்லை என்பதை நீங்கள் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதே என் ஆசை.

முதலில் அணையின் கதை. அஸ்வானில் முதல் அணையை 1902இல் ஆங்கிலேயர்கள் கட்டி முடித்தார்கள். 1912இல் அதை உயர்த்தினார்கள், 1933இல் மறுபடியும் உயர்த்தினார்கள். ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஏறியது, அஸ்வானுக்குத் தெற்கே நைல் கரையில் வாழ்ந்த நூபியர்களின் வயலும் பேரீச்சந்தோப்பும் முழுகின, வீடுகளை இன்னும் மேலே நகர்த்திக் கட்டிக்கொண்டார்கள். வயல் போனதால் ஆண்கள் கெய்ரோவுக்கும் அலெக்சாண்டிரியாவுக்கும் போய்ச் சமையல்காரர்களாகவும் வாயிற்காவலர்களாகவும் வேலை பார்த்தார்கள். ஊரில் மிஞ்சியது பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும்.

அதன்பிறகு எகிப்தின் அதிபராக நாசர் வந்தார். உயர் அணைக்குக் கடன் தருவதாகச் சொன்ன அமெரிக்காவும் பிரிட்டனும் 1956இல் பின்வாங்கின. அதே ஜூலை மாதம் அவர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். சோவியத் உதவியோடு 1960இல் வேலை தொடங்கி, 1970இல் அணை முடிந்தது. உயரம் 111 மீட்டர், நீளம் 3,830 மீட்டர். இந்த அணையைத் திட்டுவதற்கு நான் வரவில்லை. 1980களில் எத்தியோப்பியாவும் சூடானும் வறட்சியில் வாடியபோது எகிப்து தப்பித்ததற்கு இந்த ஏரியில் தேங்கிய தண்ணீரே காரணம். மின்சாரம் கிடைத்தது, வெள்ள பயம் போனது. அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதைத்தான் பேச வேண்டும்.

தண்ணீர் ஏறப்போகிறது என்றதும் உலகம் பதறியது, கோயில்களுக்காக. 1960 மார்ச் 8 அன்று யுனெஸ்கோ எல்லா நாடுகளுக்கும் வேண்டுகோள் விடுத்தது. அதற்கு முன்பு உலகம் கூடி இப்படி ஒரு காரியம் செய்ததில்லை. இருபது ஆண்டுகள் நடந்த அந்த முயற்சியில் 22 கோயில்களும் கட்டடத் தொகுதிகளும் பெயர்த்து எடுக்கப்பட்டன. ஏறத்தாழ ஐம்பது நாடுகள் பணம் கொடுத்தன. உதவிய நாடுகள் சிலவற்றுக்கு எகிப்து முழுக் கோயிலையே பரிசாகத் தந்தது. தெபோத் கோயில் மாட்ரிட் போனது, தெந்தூர் கோயில் நியூயார்க் போனது, தாஃபா கோயில் நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போனது.

மற்றவை ஏரிக்கரையிலேயே மேட்டுக்கு ஏறின. கப்பல் உங்களை அழைத்துப் போவது அங்கேதான். அஸ்வானிலிருந்து கிளம்பினால் பொதுவாக நான்கு இரவு, ஏரியின் தென்கோடிப் பக்கம் இருக்கும் அபு சிம்பெலிலிருந்து திரும்பினால் மூன்று இரவு.

முதலில் கலப்ஷா. மண்டுலிஸ் என்ற நூபியக் கடவுளுக்கு ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் கட்டிய பெரிய கோயில். மேற்கு ஜெர்மனி இதை ஏறத்தாழ 13,000 கற்களாகப் பிரித்து, 50 கிலோமீட்டர் வடக்கே கொண்டுவந்து திரும்பக் கட்டியது. பக்கத்திலேயே கெர்தாசி மண்டபம் இருக்கிறது. ஹாத்தோர் தேவியின் முகம் செதுக்கிய தூண்களுக்காக அதையும் பாருங்கள்.

மறுநாள் வாடி எல் செபுவா. சிங்கங்களின் பள்ளத்தாக்கு என்று பொருள். வாசலில் வரிசையாக, சிங்க உடல் கொண்ட ஸ்பிங்க்ஸ் சிலைகள் இருப்பதால் வந்த பெயர். பயணிகள் அந்தச் சிலைகளோடு படம் எடுத்துக்கொண்டு வேகமாக உள்ளே போய்த் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அவசரப்படாதீர்கள். கருவறையின் பின்சுவர் வரை போய் நில்லுங்கள். இரண்டாம் ராம்சேஸ் இந்தக் கோயிலைக் கட்டி ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து நூபியர்கள் கிறிஸ்தவர்களானார்கள். கோயிலைத் தேவாலயம் ஆக்கினார்கள். பழைய சிற்பங்களின் மேல் சுண்ணாம்புச் சாந்து பூசி, அதன்மேல் புனிதர்களின் படங்களை எழுதினார்கள். காலப்போக்கில் சாந்து அங்கங்கே உதிர்ந்தது. நடு மாடத்தில் மட்டும் உதிரவில்லை. அதனால் இன்றைக்குச் சுவரில் தெரியும் காட்சி இது: நடுவே கையில் சாவியோடு புனித பேதுரு நிற்கிறார், இரண்டு பக்கமும் ராம்சேஸ் மன்னர் அவருக்குப் பூங்கொத்து நீட்டுகிறார். மன்னர் பூ நீட்டியது அங்கே முதலில் இருந்த எகிப்தியத் தெய்வங்களுக்கு. அந்தத் தெய்வங்கள் சாந்துக்கு அடியில் போய்விட்டார்கள், மன்னரின் கை மட்டும் நீட்டியபடியே இருக்கிறது. பணியாள் கண்ணாடியை வைத்து வெயிலைத் திருப்பி உள்ளே அடித்தால் சாவியின் கோடுகூடத் தெரியும். இரண்டு மதம், இரண்டு காலம் ஒரே சுவரில். இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அபு சிம்பெல் இல்லை, இந்தச் சுவர்தான்.

அங்கேயே தக்கா, மஹர்ரகா என்று இன்னும் இரண்டு கோயில்கள் இருக்கின்றன. தக்கா தோத் கடவுளுக்கு உரியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் நூபியாவின் மெரோவே நாட்டு அரசர் அர்கமானி. எகிப்தியர்கள் வந்து கட்டினார்கள், நூபியர்கள் வேடிக்கை பார்த்தார்கள் என்று நினைப்பவர்களுக்கு அந்த ஒரு பெயர் போதும்.

அமாடாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏரிக்கரைக் கோயில்களில் இதுதான் பழையது. மூன்றாம் துத்மோஸும் அவருடைய மகன் இரண்டாம் அமென்ஹோத்தெப்பும் கட்டியது, 3,400 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. வெளியே இருந்து பார்த்தால் சாதாரணமாகத்தான் இருக்கும். உள்ளே மெல்லிய புடைப்புச் சிற்பங்களும் அவற்றின்மேல் வண்ணமும் இருக்கின்றன. கற்களாகப் பிரித்தால் வண்ணம் உதிர்ந்துவிடும். என்ன செய்வது? பிரெஞ்சுக்காரர்கள் கோயிலை அப்படியே இரும்புப் பட்டையால் இறுக்கிக் கட்டி, அடியில் கான்கிரீட் தளம் கொடுத்து, சுமார் 900 டன் எடையையும் தண்டவாளத்தில் ஏற்றினார்கள். நீரழுத்தத்தில் இயங்கும் பளுதூக்கிகளால் தள்ளித் தள்ளி, இரண்டரை கிலோமீட்டருக்கு மேல், மேட்டை நோக்கி நகர்த்தினார்கள். கடந்துவந்த தண்டவாளத்தைப் பின்னாலிருந்து கழற்றி முன்னால் கொண்டுபோய்ப் போட்டார்கள். அந்த வழியில் இன்று தண்ணீர் நிற்கிறது.

இத்தனை பத்திரமாகக் காப்பாற்றிய அந்தக் கோயிலின் கருவறையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. சிரியாப் பக்கம் தக்சி என்ற நாட்டின் ஏழு தலைவர்களை அமென்ஹோத்தெப் கொன்று, கப்பலின் முகப்பில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுவந்தார் என்கிறது. ஆறு பேரைத் தீப்ஸ் (இன்றைய லக்சர்) நகரத்துச் சுவரில் மாட்டினார். ஏழாவது ஆளை நூபியாவின் நபட்டா வரை கொண்டுபோய் அங்கே மாட்டினார். நூபியர்கள் பார்க்கட்டும் என்பதற்காக. அரசாங்கங்கள் நூபியாவை எப்படி நடத்தின என்பதற்கு இது மிகப் பழைய சாட்சிகளில் ஒன்று.

அமாடாவிலிருந்து கப்பல் கிளம்பினால் கஸ்ர் இப்ரீம் வரும். இங்கே இறங்க அனுமதி இல்லை, மேல்தளத்திலிருந்துதான் பார்க்க முடியும். பெரிய நினைவிடங்களில் இடம் மாறாமல் நிற்பது இது ஒன்றுதான். ஒரு காலத்தில் நைலுக்கு மேலே 70 மீட்டர் உயரப் பாறையில் நின்ற கோட்டை அது. இன்றைக்குத் தண்ணீர் அதன் காலடிவரை வந்துவிட்டது, உச்சி மட்டும் தீவாக நிற்கிறது. இடிந்த தேவாலயத்தின் சுவரும் வளைவும் தெரியும். வறண்ட பாறை என்பதால் தோல், துணி, காகிதம் எல்லாம் கெடாமல் இருந்தன. பழைய நூபிய மொழி, கிரேக்கம், காப்டிக், மெரோவே, லத்தீன், அரபு, துருக்கி என்று இத்தனை மொழிகளில் ஏடுகள் அங்கே கிடைத்தன. காலஸ் என்ற ரோமக் கவிஞரின் தொலைந்துபோன வரிகள்கூட 1978இல் இங்கேதான் கிடைத்தன.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1962இல் பி.பி. லால் தலைமையில் இந்தியத் தொல்லியல் குழு ஒன்று நூபியாவில் அகழாய்வு செய்தது. ஆஃபியே என்ற ஊரிலும் துமாஸ் பக்கத்திலும் தோண்டினார்கள். அங்கே கிடைத்த கருப்பு-சிவப்புப் பானைகளை அவர் தென்னிந்தியப் பெருங்கற்காலப் பானைகளோடு ஒப்பிட்டு எழுதினார். அந்த ஒற்றுமையை வைத்துக்கொண்டு அவர்களும் நாமும் ஒரே இனம் என்று முழங்குபவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். நடுவில் உள்ள காலமும் கடலும் அதிகம். இன்னும் கொஞ்ச நாளில் முழுகப்போகிற மண்ணை, அதற்குள் தோண்டிப் பார்த்துவிட வேண்டும் என்று இங்கிருந்து போய் நின்றார்களே, எனக்குப் பெருமை அதில்தான்.

சரி, அபு சிம்பெல். இதைப் பற்றி உங்களுக்கே தெரிந்திருக்கும். 20 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் நான்கு ராம்சேஸ். பக்கத்தில் அவருடைய அரசி நெஃபர்தாரிக்கு ஒரு கோயில். அங்கே அரசியின் சிலை அரசரின் சிலைக்குச் சமமான உயரத்தில் நிற்கிறது, எகிப்தில் இது அபூர்வம். 1964 முதல் 1968 வரை வேலை நடந்தது. ஏரித் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்க, தற்காலிகத் தடுப்பணைக்குப் பின்னால் உட்கார்ந்து மலையை அறுத்தார்கள். முகப்புச் சிற்பங்களில் கையால் ரம்பம் பிடித்து, சில மில்லிமீட்டர் அகலத்துக்கு மேல் வெட்டு விழாமல் பார்த்துக்கொண்டார்கள். இத்தாலியின் கராரா பளிங்குச் சுரங்கத்துத் தொழிலாளர்கள் அதற்காக வந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கற்கள், சில 30 டன் எடை. பழைய இடத்துக்கு 65 மீட்டர் மேலே, 200 மீட்டர் பின்னால் எல்லாம் பொருந்தின. பழங்காலத்தில் நிலநடுக்கத்தில் விழுந்த ஒரு சிலையின் தலையைக்கூட, முன்பு எப்படிக் கிடந்ததோ அதே மாதிரி தரையில் கொண்டுவந்து வைத்தார்கள். விழுந்து கிடந்த கல்லுக்குக்கூட அதன் பழைய இடம் கிடைத்தது.

அதே 1963, 64ஆம் ஆண்டுகளில் எகிப்து நூபியாவிலிருந்து ஏறத்தாழ 50,000 பேர் படகிலும் ரயிலிலும் ஏற்றப்பட்டு, அஸ்வானுக்கு வடக்கே கோம் ஓம்போ பக்கம் கொண்டுபோகப்பட்டார்கள். சூடான் பக்கம் இன்னும் ஏறத்தாழ 50,000 பேர். அவர்களை நைலை விட்டே விலக்கி, நாட்டின் கிழக்கே கஷ்ம் எல் கிர்பாவில் குடியேற்றினார்கள். வாடி ஹால்ஃபா என்ற பெரிய ஊரே முழுகிப்போனது. கிளம்பும் முன் இடுகாட்டுக்குப் போய்த் தங்கள் இறந்தவர்களிடம் விடைபெற்றார்கள்.

நூபிய வீடு எப்படி இருக்கும் என்று பாருங்கள். அகன்ற முற்றம், ஆற்றைப் பார்த்த வாசல், சுண்ணாம்புச் சுவரில் கையால் எழுதிய வண்ண உருவங்கள், வாசலுக்கு மேலே பதித்த பீங்கான் தட்டுகள். ஒரு குடும்பத்தார் எல்லாம் அடுத்தடுத்து இருப்பார்கள். கோம் ஓம்போவில் கிடைத்தது வரிசை வரிசையான அரசாங்க வீடுகள். குடும்பத்தில் எத்தனை பேர் என்று எண்ணி ஒதுக்கினார்கள். அதனால் பாட்டி ஒரு தெருவில், மகள் வேறொரு தெருவில். ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஆறு கண்ணில் படாத இடம். கோயில் விஷயத்தில் எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் எந்தக் கல் என்று எண் போட்டுக் குறித்துவைத்தோம். மனிதர்கள் விஷயத்தில் யாருக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று குறித்துவைக்கவில்லை. இது பணமில்லாத குறை அல்ல, அக்கறை இல்லாத குறை.

நூபியர்கள் இதை மறக்கவில்லை. 2014இல் எகிப்து ஏற்ற அரசியல் சட்டத்தின் 236ஆவது பிரிவு, பத்து ஆண்டுகளுக்குள் அவர்களைப் பழைய பகுதிகளுக்குத் திரும்பக் குடியமர்த்தத் திட்டம் வேண்டும் என்கிறது. அந்தப் பத்து ஆண்டும் ஓடிவிட்டது. கேட்பவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் போங்கள். எகிப்தில் ஒரே ஒரு கப்பல் பயணத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், லக்சர் கப்பலை விட்டுவிட்டு இதில் போங்கள் என்றே சொல்வேன். கப்பலில் வழிகாட்டி தொல்லியல் நன்றாகச் சொல்வார். நூபியக் கிராமங்கள் எந்த இடத்தில் இருந்தன என்று நீங்களாகக் கேட்டால்தான் பேச்சு வரும். கேளுங்கள். ஊழியர்களில் நூபியர் யாராவது இருந்தால், உங்கள் தாத்தாவின் ஊர் எது என்று கேளுங்கள்.

எப்போது போகலாம் என்று சிலர் சீட்டு அனுப்பியிருக்கிறீர்கள். அக்டோபரிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை நல்லது, கோடையில் வெயில் தாங்காது. அபு சிம்பெல் கருவறைக்குள் சூரிய ஒளி விழும் பிப்ரவரி 22, அக்டோபர் 22 ஆகிய நாட்களில் கூட்டம் அலைமோதும். அமைதியாகப் பார்க்க நினைப்பவர்கள் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். அஸ்வானில் 1997இல் திறந்த நூபிய அருங்காட்சியகம் இருக்கிறது. பலர் அதைக் கடைசி நாளுக்கு ஒதுக்கி, விமான நேரம் வந்துவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். கப்பல் ஏறுவதற்கு முந்தைய நாள் அரை நாள் அதற்கு வையுங்கள். முழுகிப்போன ஊர்களில் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை உருவங்களோடு அங்கே அமைத்துக் காட்டியிருக்கிறார்கள். மறுநாள் மேல்தளத்தில் உட்காரும்போது, எந்த ஊரின் மேல் போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்று வழிகாட்டியிடம் பெயர் சொல்லிக் கேட்கலாம்.